ஜிப்சிக்கு மூன்றாவது பம்ப்

பத்து மாதத்தில் என் மாருதி ஜிப்சிக்கு இரண்டு ஃப்யூவல் பம்ப் (டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப்) மாற்றினேன். மூன்றாவதை மாட்டியது பொள்ளாச்சியில் ஒரு பட்டறை. அது 14 மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். முதல் பம்ப் மாட்டியபோது "அருமையான வேலை" என்று நாலு பேரிடம் சொன்னேன். சில மாதத்திலேயே அதுவும் போய்விட்டது.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. பட்டறை நடத்தும் அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார். "இப்பவே வண்டி நிறுத்த எடமில்லீங் தம்பி, நீங்க வேற கூட்டத்தச் சேத்தாதீங்க." அறுபதை நெருங்கும் மனிதர். பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் பழைய ஜிப்சி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

நான் வால்பாறையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தடவை, பெரும்பாலும் புதன்கிழமை, பொள்ளாச்சிக்கு இறங்கி ஏஜென்சிகளில் சரக்கு எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் மேலே ஏறிவிடுவேன். போக 65 கிலோமீட்டர், வர 65. ஆழியாறைத் தாண்டிவிட்டால் 40 கொண்டை ஊசி வளைவு. வண்டி 2006 மாடல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் ரகம்), 1298 சிசி. 2014-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். மழைக்காலத்தில் எஸ்டேட் ரோட்டில் வேறு எந்த வண்டியும் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. மைலேஜ் கேட்காதீர்கள்.

2000-க்கு முந்தைய கார்புரேட்டர் ஜிப்சியில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும். கேம்ஷாஃப்ட் தட்டிவிட, உள்ளே ஒரு டயாஃப்ரம் மேலும் கீழும் போகும். அவ்வளவுதான் அதன் வித்தை. போனால் ரோட்டோரத்தில் வைத்தே பிரித்துப் பார்க்கலாம். எம்பிஎஃப்ஐ வந்த பிறகு பம்ப் டேங்குக்குள்ளே போய்விட்டது. ஒரு சின்ன மின்சார மோட்டார், இரவும் பகலும் பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கும். அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு 2023-லேயே தெரிந்திருந்தால் இருபதாயிரத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும்.

2023 ஜூலையில் முதலில் வந்த அறிகுறி, காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம். முன்பெல்லாம் சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும் வண்டி, நாலைந்து வினாடி சுற்ற வேண்டியிருந்தது. சாவியை ஆன் செய்து, அணைத்து, மறுபடி ஆன் செய்து ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கும். பேட்டரி வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் மேலே ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தால் வண்டி மூச்சு வாங்கியது. பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம், ஒன்பதாவது வளைவில் அப்படியே அணைந்தது.

ஒன்பதாவது வளைவு தெரிந்தவர்களுக்குத் தெரியும். வரையாடு வந்து நிற்கும் இடம். அன்றும் இரண்டு நின்றன. அதைப் படம் பிடிக்க இறங்கிய கோயம்புத்தூர்க்காரர்கள் பானெட்டைத் திறந்துவைத்து நின்ற என்னையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். இருபது நிமிஷம் கழித்து, ஒன்றும் செய்யாமலே, ஸ்டார்ட் ஆகிவிட்டது. சூட்டில் நின்று ஆறினால் ஓடுவது, இது இரண்டாவது அறிகுறி. அப்போது எனக்கு அது அறிகுறி இல்லை, அதிர்ஷ்டம்.

அந்த வாரமே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஊர், பெயர் வேண்டாம். கதையைக் கேட்டு முடிப்பதற்குள் "பம்ப் போயிருச்சு" என்றார்கள். பம்ப் உண்மையில் போய்த்தான் இருந்தது, அதனால் அவர்கள் சொன்னது தப்பென்று சொல்ல முடியாது. மாற்றினார்கள். வண்டி குதிரை மாதிரி ஓடியது. 2024 ஜனவரியில் அதுவும் போனது. "லோக்கல் பீஸ் சில சமயம் இப்படித்தான்" என்று சொல்லி, கூலி வாங்காமல், வேறு பம்ப் மாட்டினார்கள். அது மே மாதம் போனது. இந்த முறை 22-வது வளைவு, மாலை ஆறு மணி, பின்னால் ஆறு அட்டைப்பெட்டி மருந்து, அதில் ஐஸ் பெட்டியில் இன்சுலின்.

அந்த நேரத்தில் அந்த ரோட்டில் நிற்பது என்ன என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். யானை அன்று வரவில்லை. ஆனால் மூங்கில் முறியும் சத்தம் ஒவ்வொன்றும் யானைதான். மேலிருந்து இறங்கிய ஒரு தேயிலை லாரி டிரைவர் நிறுத்தி, "ஆன் பண்ணுங்க பாப்போம்" என்றார். ஆன் செய்தேன். பின்னால் 'ங்ங்ங்' என்று வர வேண்டிய சத்தம் வரவில்லை. அவர் என் ஜாக்கி ராடில் துண்டைச் சுற்றி, வண்டிக்கடியில் படுத்து, டேங்கின் அடியில் மெதுவாக நாலு தட்டு தட்டினார். "இப்ப ஆன் பண்ணுங்க." சத்தம் வந்தது. வீடு வரைக்கும் எங்கேயும் அணைக்காமல் போய்ச் சேர்ந்தேன். அவரும் பெயர் சொல்லவில்லை, நானும் கேட்க மறந்துவிட்டேன். பொள்ளாச்சிப் பட்டறைக்கு வழி சொன்னவர் அவர்தான்.

பட்டறை என்றால் தகர ஷெட். ஒரு பக்கம் தென்னை நார் லோடு ஏற்றும் மினி லாரிகள், இன்னொரு பக்கம் ஜிப்சியும் பழைய ஜீப்பும். உட்கார ஒரு உடைந்த ஆம்னி சீட். போனில் கேட்டால் ரேட் சொல்ல மாட்டார். நேரில் கேட்டாலும் முதல் நாள் சொல்ல மாட்டார். நான் போனதும் "பம்ப் போயிருச்சுங்ணா, நல்ல கம்பெனி பம்ப்பா போட்டுருங்க" என்றேன். என் கடைக்கு வந்து "ரெண்டு ஆன்டிபயாடிக் குடுங்க" என்று கேட்பவர்களை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படிப் பார்த்தார்.

"எத்தன பம்ப் போட்டீங்க?"

"இது மூணாவதுங்ணா."

"ரெண்டு செத்துருச்சு. எதுனால செத்துச்சுன்னு யாராச்சும் பாத்தாங்களா?"

பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கிருந்து ஒன்றரை நாள் அவர் செய்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கடைக்கு மச்சானைப் போட்டுவிட்டு வந்திருந்தேன். ஜிப்சியோ வேறு பழைய பெட்ரோல் எஸ்யூவியோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை நீட்டியே சொல்கிறேன்.

முதலில் பெட்ரோலா, கரண்டா என்று பிரித்தார். அதற்குள் பம்ப் மறுபடி ஊமையாகியிருந்தது. இன்ஜின் காற்றிழுக்கும் இன்டேக்கில் எரியும் ஸ்ப்ரே கொஞ்சமாக அடித்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பிடித்தது, இரண்டு வினாடி ஓடி நின்றது. "ஸ்பார்க் இருக்குது. சோறுதான் இல்ல." பிறகு ஃப்யூஸ். பிறகு பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே: அதே மாதிரி நல்ல ரிலே ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்த்தார். இரண்டும் சரி. இந்த மூன்றும் பத்து நிமிஷ வேலை. இதுவரை யாரும் செய்யாத வேலை.

அடுத்தது மீட்டர். இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். பம்புக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நான் சரிதானே என்றேன். "சும்மா இருக்கறப்ப எல்லாரும் பலசாலிதான் தம்பி" என்று சொல்லி, வயரை மாட்டி, டேங்கைத் தட்டிப் பம்பை ஓடவிட்டு, ஓடும்போது அளந்தார். பேட்டரியில் 12.4. பம்ப் கனெக்டரில் 9.7. நடுவில் 2.7 வோல்ட் காணாமல் போயிருந்தது. அரை வோல்ட்டுக்கு மேல் போனாலே அவர் வயரைத் தேட ஆரம்பித்துவிடுவாராம். தேடினார். பின்பக்கச் சேஸிஸில் எர்த் போல்ட் பச்சைப் பூத்துக் கிடந்தது. வால்பாறை மழை. கனெக்டரின் ஒரு பின் பழுப்பேறி, பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது. வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், பெட்ரோல் குறையும். ஏற்றத்தில் மூச்சு வாங்கியதற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு போல்ட்.

கிளாம்ப் மீட்டர் வைத்து எவ்வளவு ஆம்ப் இழுக்கிறது என்றும் பார்த்தார். 7-க்கு மேல். புதுப் பம்ப் மாட்டிய பிறகு நாலரைக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. பம்ப் எதையோ இழுக்க முடியாமல் திணறினால் ஆம்ப் ஏறும், சூடு ஏறும் என்றார்.

அப்புறம் பிரஷர் கேஜ். ஃபில்டருக்குப் பக்கத்தில் ஹோஸைக் கழற்றி 'T' வடிவ இணைப்பு போட்டு மாட்டினார். கழற்றும் முன் ரிலேயைப் பிடுங்கிவிட்டு இன்ஜினைச் சுற்றவிட்டு லைனில் இருந்த அழுத்தத்தை இறக்கினார். பேட்டரி நெகடிவையும் கழற்றினார். டீ குடிக்க வந்த பையன் பீடி பற்றவைத்தபடி உள்ளே நுழைய, அண்ணன் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

கேஜ் 2.1 பார் காட்டியது. இன்ஜின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது 2.7-க்கு மேலே வர வேண்டும். அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் மேல் சந்தேகம் தீர, அதன் வேக்குவம் ஹோஸைக் கழற்றி மோந்து பார்த்தார். பெட்ரோல் வாடை இல்லை, டயாஃப்ரம் கிழியவில்லை. மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸை ஒரு நொடி நசுக்கிப் பிடித்தார். நல்ல பம்ப் என்றால் முள் விர்ரென்று மேலே போக வேண்டும். இது 2.4-இல் நின்றது. பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிஷத்துக்குள் பூஜ்யம். "காலைல ரொம்ப நேரம் சுத்துதுன்னீங்கல்ல, அது இதான்." லைனில் நிற்க வேண்டிய பெட்ரோல் ராத்திரி முழுக்க டேங்குக்கே திரும்பிப் போய்விடுகிறது. காலையில் பம்ப் மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும். நான் சாவியை இரண்டு தடவை ஆன் செய்ததும் உடனே பிடித்ததன் ரகசியமும் அதுதான். ஒவ்வொரு ஆனுக்கும் பம்ப் இரண்டு மூன்று வினாடி ஓடி லைனை நிரப்பியிருக்கிறது. பேட்டரி பாவம், அதைச் சந்தேகப்பட்டு முந்தின வருஷமே புதிது வாங்கி மாட்டியிருந்தேன்.

மறுநாள் காலை டேங்கை இறக்கினார்கள். பம்ப் அசெம்ப்ளியை வெளியே எடுத்ததும் அண்ணன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் கையில் கொடுத்துவிட்டார்.

பம்பின் அடியில் நைலான் வலைப் பை ஒன்று இருக்கும், ஸ்ட்ரெய்னர். வெள்ளையாக இருக்க வேண்டியது. எனக்கு வந்தது காப்பிப் பொடி வடிகட்டிய துணி மாதிரி இருந்தது. விரலால் தேய்த்தால் செம்மண் நிறத்தில் மாவு ஒட்டியது. துரு. பம்ப் இந்த அடைப்பு வழியாகத்தான் நாலு மாதம் மூச்சு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பம்பிலிருந்து மேல் குழாய்க்குப் போகும் ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸ் உப்பிப் போய், கிள்ளினால் கையோடு வந்தது. முந்தைய ஒர்க்‌ஷாப்பில் பம்ப் மாற்றும்போது போட்டது. பெட்ரோல் ஹோஸ்தான், கடையில் நல்ல ஹோஸ் என்றுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் இன்ஜின் பக்கம் வெளியே போடும் ஹோஸுக்கு உள்பக்கம் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும். டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் ஹோஸ் உள்ளும் புறமும் தாங்க வேண்டும், அது வேறு ரகம். எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அடிக்கு அடி விலை பல மடங்கு. அதனால் யாரும் போடுவதில்லை. வெளியே போடும் ஹோஸை உள்ளே போட்டால் சில மாதத்தில் ஊறி வெடிக்கும். பம்ப் தள்ளும் பெட்ரோல் இன்ஜினுக்குப் போகாமல் டேங்குக்குள்ளேயே பீய்ச்சி அடிக்கும். என் 2.1 பாருக்கும், பூஜ்யத்துக்குப் போன முள்ளுக்கும் இதுதான் பெரிய காரணம்.

அப்புறம் அண்ணன் செய்த ஒரு காரியத்துக்காகவே இவருக்கு நான் முழு மார்க் போட்டிருப்பேன். செத்த பம்பை வைஸில் வைத்து ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே சின்ன மோட்டார். சுழலும் சுருளுக்குக் கரண்ட் வாங்கும் செம்பு வளையம், கம்யூட்டேட்டர், பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில் கரி பூசிய மாதிரி கறுத்து, நடுவில் நகத்தை வைத்தால் மாட்டும் அளவுக்குப் பள்ளம். அதன் மேல் உட்கார்ந்து கரண்டைக் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டில் ஒன்று அரிசி அளவுக்குத் தேய்ந்து, ஸ்பிரிங் தெரிந்தது. "டேங்கத் தட்டுனா ஓடுச்சுல்ல? இந்தக் குட்டி பிரஷ் ஆடி எங்கயாச்சும் ஒட்டிக்கிச்சு. ஊடு போய்ச் சேர ஒரு வழி, வைத்தியம் இல்ல." பம்ப் சுற்றும் பக்கத்தில் அதே செம்மண் மாவு.

நாலு மாதத்தில் இவ்வளவு தேய்மானமா என்று கேட்டேன். பதிலுக்கு அவர் கேட்டது: "எவ்வளவுக்குப் பெட்ரோல் போடுவீங்க?"

ஐந்நூறு ரூபாய்க்கு. எப்போதும் ஐந்நூறு. 2019-இல் ஒரு ராத்திரி கடை வாசலில் நின்ற வண்டியிலிருந்து யாரோ ட்யூப் போட்டுப் பெட்ரோலை உறிஞ்சிவிட்டார்கள். அன்றுதான் டேங்க் நிரப்பியிருந்தேன். அதிலிருந்து முள்ளை அடியிலேயே வைத்திருப்பது என் வழக்கம். 40 லிட்டர் டேங்கில் ஐந்தாறு லிட்டர்தான் எப்போதும் இருக்கும்.

அண்ணன் ஒரு தண்ணீர்க் கேனில் கால்வாசித் தண்ணீர் வைத்துச் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் முழுக்க ஒரு பக்கம் போய் ஒதுங்கியது. "இது உங்க டேங்கு. இது ஒரு வளைவு. உங்க ரோட்டுல எத்தன?" ஏற 40, இறங்க 40. ஒவ்வொரு வளைவிலும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றைக் குடிக்கிறது. காற்றில் சுற்றினால் குளிர்ச்சியும் இல்லை, வழவழப்பும் இல்லை. இன்ஜினைச் சுற்றிவிட்டு ரிட்டர்ன் லைனில் சூடாகத் திரும்பும் பெட்ரோலும் அந்த ஐந்து லிட்டரோடு சேர்கிறது. சமதளத்தில் ஓடும் வண்டிக்கு இது மெதுவாகக் கொல்லும் பழக்கம். மலை ரோட்டில் நான் வாரம் 80 தடவை கழுத்தைப் பிடித்திருக்கிறேன். டேங்கில் மீதி இடமெல்லாம் காற்று, காற்றில் ஈரம், ஈரத்தில் துரு. வால்பாறையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சட்டையே காய்வதில்லை, டேங்க் எப்படிக் காயும்?

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைப் பற்றியும் கேட்டேன். எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள். அண்ணன் பாதி ஒத்துக்கொண்டார், பாதி ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கில் படிந்த பிசினைக் கரைத்து ஜல்லடைக்கு அனுப்பும், பழைய ரப்பருக்கு ஆகாது. "ஆனா இந்தத் துரு பதினஞ்சு வருசத்துத் துரு. எல்லாத்தையும் அது தலைல கட்டாதீங்க."

மருந்துக் கடைக்காரனுக்கு இதில் ஒரு அரிப்பு. 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023 பிப்ரவரியில்தான் விற்பனைக்கு வந்தது, இப்போது எங்கும் அதுதான். போன மாதம் கடை வாசலுக்கு வெளியே, அடுப்பு, ஸ்விட்ச் எதுவும் இல்லாத இடத்தில், ஒரு கண்ணாடி மெஷரிங் சிலிண்டரில் 20 மில்லி தண்ணீர், மேலே 80 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். சிறிது நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்தது. கீழ் அடுக்கு 20-இல் நிற்கவில்லை, 35-க்குப் பக்கத்தில் போய் நின்றது. பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கிவிட்டது. டேங்கில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலும் இதேதான் நடக்கும், பம்பின் வாய் இருப்பதும் அந்தக் கீழ் அடுக்கில்தான். மனைவி அந்தச் சிலிண்டரை இனி கடைக்குள் கொண்டுவரக் கூடாது என்றுவிட்டாள்.

டேங்க் சுத்தம் செய்ததைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். வெந்நீரில் நாலு முறை கழுவி, உள்ளே ஒரு டப்பா பழைய நட்டு, துண்டுச் சங்கிலி போட்டு, இரண்டு பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டில் ஆட்டுவது மாதிரி அரை மணி நேரம் ஆட்டினார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டார். கொட்டியபோது வந்த தண்ணீர் மிளகாய்த் தூள் கரைத்த நிறம். துரு எடுக்கும் ஆசிட் ஊற்றி ஊறவைத்து, கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலிலும் ஏர் லைனிலும் காய வைத்தார்கள். உள்ளே பூசும் சீலர் போடலாமா என்று கேட்டேன். மறுத்துவிட்டார். சரியாகப் பிடிக்காவிட்டால் அது செதில் செதிலாக உரிந்து, அதுவும் ஜல்லடையில்தான் வந்து உட்காரும் என்றார்.

புதுப் பம்ப், புது ஸ்ட்ரெய்னர், அந்த விலையுயர்ந்த ஹோஸ், வெளி ஃபில்டர், கனெக்டர், புது எர்த் வயர். மாட்டி முடித்து மறுபடி கேஜ்: 2.9. ரிட்டர்னை ஒரு நொடி நசுக்கினார், முள் 4-ஐத் தாண்டியது, விட்டுவிட்டார். அணைத்துவிட்டு டீ குடித்து வந்தோம். முள் இரண்டுக்கு மேலேயே நின்றிருந்தது. ஓடும்போது கனெக்டரில் 12.1 வோல்ட். இந்த எண்களை பில்லின் பின்னாலேயே எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை எந்த மெக்கானிக்கிடம் போனாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மொத்தம் ரூ. 11,400. பம்ப் மட்டும் அதில் பாதிக்கு மேல், டேங்க் வேலை 1,800. முந்தைய இரண்டு பம்புக்கும், ஒரு முறை வண்டி இழுத்து வந்ததற்கும், வீணான சரக்குக்கும் நான் கொடுத்தது இதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் தருகிறேன் என்றது ஐந்து நாளாயிற்று. நடுவில் போன் செய்தால் எடுக்கவே மாட்டார். பையன் எடுத்து "அண்ணன் வண்டிக்கடியில இருக்கார்" என்பான், அது எந்த நேரத்திலும் உண்மைதான். பில் கையெழுத்துப் பில், கம்ப்யூட்டர் பில் எதிர்பார்க்காதீர்கள். கழற்றிய பின்பக்கச் சீட்டின் போல்ட் ஒன்றை மாட்ட மறந்திருந்தார்கள், வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். டீசல் காமன் ரெயில் வண்டி என்றால் பார்க்க மாட்டார், "அது வேற படிப்பு" என்று அனுப்பிவிடுவார். இதை நான் குறையில் சேர்ப்பதா நிறையில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. 5-க்கு 4.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். மலை ஏறும் முன் பாதி டேங்க், எந்த நிலையிலும் கால் டேங்குக்குக் கீழே விடுவதில்லை. பூட்டு வைத்த டேங்க் மூடி வாங்கிவிட்டேன், 2019-லேயே வாங்கியிருக்க வேண்டியது. காலையில் சாவியை ஆன் செய்து, ரேடியோ போடும் முன், பின்னாலிருந்து வரும் அந்த இரண்டு வினாடிச் சத்தத்தைக் கேட்கிறேன். சத்தம் இழுத்தாலோ கரகரத்தாலோ பொள்ளாச்சி. வெளி ஃபில்டர் 20,000 கிலோமீட்டருக்கு ஒன்று. மழைக்காலம் முடிந்ததும் எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டுகிறேன். டேஷ்போர்டில் ஒரு ஸ்பேர் ரிலே கிடக்கிறது. ஜாக்கி ராடும் துண்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

அறுத்த பம்பைக் கேட்டு வாங்கி வந்தேன். கடையில் கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்கிறது. மாத்திரை வாங்க வரும் ஜீப் டிரைவர்கள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: பட்டறை ஞாயிறு விடுமுறை. செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை, லாரி நெரிசலில் அந்த ரோட்டில் நுழையவே அரை மணி நேரம் ஆகும். திங்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பம்ப் மாற்ற வந்தேன் என்று சொல்லாதீர்கள், வண்டி என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.